அணைக்காமல் வந்த ஃபேன்

இந்த ஊரில் யாரும் கதவு எண் கேட்பதில்லை, வீட்டுப் பேரைத்தான் கேட்கிறார்கள். திருவனந்தபுரத்துக்கு வந்த புதிதில் காய்ச்சலுக்கு மருந்து வாங்க ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு போடுகிற பெண் பெயர் கேட்டாள், வயது கேட்டாள், அடுத்து "வீட்டுப்பேரு?" என்றாள். எனக்குப் புரியவில்லை. இங்கே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பெயர் பொறித்திருக்கும் என்பதும், ஆளைவிட அந்தப் பெயரைத்தான் தபால்காரர் முதல் கேஸ்காரர் வரை தெரிந்து வைத்திருப்பார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு நான் தங்கியிருந்தது தம்பானூரில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம். "லாட்ஜ்" என்றேன். அவள் சிரிக்காமல் அதையே எழுதிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மருந்து கொடுக்கிற இடத்தில் "முருகேசன், லாட்ஜ்" என்று சத்தமாகக் கூப்பிட்டார்கள். நானும் எழுந்து போனேன். அவமானமாக இருந்திருக்க வேண்டும், ஆனால் ஒன்றும் தோன்றவில்லை. அப்போதெல்லாம் எனக்கு எதுவுமே தோன்றாது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கலாம். தென்காசிக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவில் ஒரு மலைதான் இருக்கிறது, இதையெல்லாம் புலம்பெயர்வு என்று சொல்வாயா என்று கேட்கலாம். துபாயில் இருக்கிற என் சித்தப்பா மகன் அப்படித்தான் கேலி பண்ணினான். அவன் போனது சம்பாதிக்க. நான் வந்தது ஊர்க்காரர் முகத்தில் விழிக்காமல் இருக்க. தென்காசியில் எனக்குத் துணிக்கடை இருந்தது. நன்றாக ஓடிய கடையை நம்பி இன்னொரு கடை திறந்தேன், புதுசு பழசையும் இழுத்துக்கொண்டு போனது. வீட்டை பேங்க் எடுத்து ஏலம் விட்டது. இங்கே கழக்கூட்டத்தில், ஐ.டி. கம்பெனிகளுக்குச் சாப்பாடு அனுப்புகிற ஒரு கேட்டரிங்கில் ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்தது. மனைவி செல்வியும் மகள் மதியும் சுரண்டையில் செல்வியின் அக்கா வீட்டில் இருந்தார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் இங்கே ஒரு வீடு பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மதியை அங்கேயே சேர்த்துவிடுவோம் என்று அக்கா வீட்டில் முடிவாகியிருந்தது. அங்கே சேர்த்துவிட்டால் செல்வியும் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. போனில் "வீடு பாத்தாச்சா?" என்று மட்டும் கேட்பாள்.

வீடு நிறைய இருந்தது, எனக்குத்தான் கிடைக்கவில்லை. கழக்கூட்டத்தில் ஒரு ஃபிளாட் பார்த்தேன். வீட்டுக்காரர் கல்ஃபில் இருந்தார், சாவி புரோக்கரிடம் இருந்தது. சமையலறை ஜன்னலைத் திறந்து காட்டிவிட்டு, "ஓனர்க்கு கிரெடிட் ஸ்கோர் காணணும் சேட்டா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி," என்றான். என் போனுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைச் சொன்னேன். அவன் போனில் அரைவட்டம் ஒன்று தோன்றி, முள் சிவப்பில் போய்ப் படுத்துக்கொண்டது. அவன் என்னைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டு "ஓனரோடு சம்சாரிச்சிட்டு விளிக்காம்" என்றான். பேசிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று அர்த்தம். கூப்பிடமாட்டேன் என்றும் அர்த்தம். அடுத்து பார்த்த வீட்டிலும் அதே அரைவட்டம்தான். அதற்கடுத்த வீட்டில் கம்பெனி ஜாமீன் கேட்டார்கள். புதிதாக வந்த ஸ்டோர் கீப்பருக்கு எந்தக் கம்பெனி ஜாமீன் நிற்கும்?

கிழக்கேகோட்டையில் டீ குடிக்கும்போது கடைக்காரர் சொல்லித்தான் மணக்காட்டில் டீச்சர் வீட்டுக்குப் போனேன். ரிட்டயர் ஆன பள்ளிக்கூட டீச்சர். பெயர் விமலா என்றாலும் தெரு முழுக்க 'டீச்சர்' என்றால்தான் தெரியும். தமிழ்நாட்டு எல்லையில் பாறசாலைப் பக்கம் வேலை பார்த்தபோது தமிழ் பழகியவர். கீழே அவர் தனியாக இருந்தார், மாடி காலியாக இருந்தது. முன்கூட்டியே சொல்லிவிடுவோம் என்று, என் ஸ்கோர் சரியில்லை என்றேன்.

"ஸ்கோரும் கீரும் எனக்கு வேண்டாம் கேட்டோ," என்றார். "பெங்களூர்ல இருக்கிற மோன் அதெல்லாம் சொல்லுவான். எனக்கு ஆளை அறியணும். பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போ செறுக்கன் வீட்டுல போய் அன்வேஷிக்கும் அல்லே? வீடும் அதுபோலத்தான்."

மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கிற வழக்கம் நமக்கும் உண்டுதான். குடிவருகிறவனுக்கு அதைச் செய்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. டீச்சரின் தம்பி சுகுவுக்குச் சாலை பஜாரில் காய்கறிக்கடை. லோடு எடுக்க வாரம் தவறாமல் தென்காசிக்குப் பக்கத்தில் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போகிறவர். அவரைவிட்டுத்தான் விசாரிக்கப் போவதாக டீச்சர் சொன்னார். என் ஆதாரில் இருந்த விலாசத்தை டீச்சர் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"இது பாவூர்சத்திரத்தின் அடுத்தாணோ?"

"பக்கம்தான் டீச்சர். ஆனா அங்க இப்ப வேற ஆளுங்க இருக்காங்க."

"ஓ, வாடகைக்குக் கொடுத்திருக்கு, அல்லே? நல்லது, நல்லது. சொந்த வீடு இருக்கிற ஆளுக்கு அடுத்தவன் வீட்டோட அருமை தெரியும்."

அப்போது திருத்தியிருக்க வேண்டும். நான் தலையை ஆட்டினேன். நம் ஊர்த் தலையாட்டல், ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். டீச்சர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். படி இறங்கும்போதே இந்த வீடும் போச்சு என்று தெரிந்துவிட்டது. சுகு போய்க் கதவைத் தட்டுவார், ஏலத்தில் எடுத்தவர் திறப்பார், அவ்வளவுதான். லாட்ஜுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன்.

சுகு லோடுக்குப் போன அன்று நான் ஸ்டோரில் வெங்காய மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். இந்நேரம் எங்கள் தெருமுனைத் தண்ணித்தொட்டியைத் தாண்டியிருப்பார், இந்நேரம் கேட்டைத் திறந்திருப்பார் என்று கை ஒரு பக்கமும் நினைப்பு ஒரு பக்கமுமாக இருந்தது. அந்த வீட்டில் நான் கடைசியாக இருந்த நாள் நினைவுக்கு வந்தது. பேங்க் எடுக்கிற வீட்டில் எதையும் விட்டுவைக்கக் கூடாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கடைத்தெருவில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஃபேன், ஸ்விட்ச், குழாய், முடிந்தால் கதவையும் கழற்றிவிட வேண்டும். "எவனோ ஒருத்தன் நோகாம வந்து அனுபவிப்பான். அவனுக்கு எதுக்குவே விட்டுட்டு வாரீரு?" என்று சொல்லி செல்வியின் அண்ணன் ஒரு ஸ்க்ரூடிரைவரையும் கையில் கொடுத்தார். எனக்கும் ஆத்திரம் இருந்தது. ஜன்னல் கண்ணாடியையும் உடைத்துவிட்டு வர வேண்டும் என்றுதான் போனேன். மதியின் அறையில் ஃபேனுக்குக் கீழே ஸ்டூலைப் போட்டேன். ஏறுவதற்கு முன்னால் கொஞ்சம் உட்காரலாம் என்று அதில் உட்கார்ந்தேன். வெயிலுக்காக ஃபேனைப் போட்டுக்கொண்டேன். உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே இருந்தேன். கை எழவில்லை. வெயில் தாழ்ந்ததும் எழுந்து, கதவைப் பூட்டி, சாவியை பேங்கில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். ஃபேனை அணைக்கவில்லை என்பது பஸ் நகர்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. இறங்கிப் போகத் தோன்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் டீச்சர் போன் பண்ணி வரச் சொன்னார். போனிலேயே வீடு இல்லை என்று சொல்லியிருக்கலாமே, பஸ் காசாவது மிஞ்சியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன். வராந்தாவில் சுகு இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஜப்தி ஆன வீடு என்று ஏன் சொல்லல?" என்றார் டீச்சர்.

திரும்பிப் போகலாம் என்று நான் செருப்பைத் தேடினேன்.

"சொன்னா என்னா? இவிடெ எத்தனை பேரோட வீடு ஜப்தியில போகுது. அது ஒரு குற்றமா?" பிறகு தம்பியைப் பார்த்து, "நீ கண்டதைச் சொல்லு" என்றார்.

"அந்த ஆள் என்னை உள்ளே விளிச்சு வீடு முழுக்கக் காட்டினார் அண்ணா," என்றார் சுகு. "ஒரு ஸ்விட்ச்கூட இளகல. ஃபேன், பைப், எல்லாம் அதுபோலவே இருக்கு. பேங்க் வீடு வாங்கினா செவுரு மட்டும்தான் மிச்சம் இருக்கும், இந்த மனுஷன் எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிருக்காரு, நல்ல ஆளுக்குக் கெட்ட நேரம், அப்படின்னு சொன்னாரு."

"இவிடெ மாடியில இருந்தது யாரு தெரியுமா? கவர்மென்ட் உத்தியோகஸ்தன். நல்ல சம்பளம்," என்றார் டீச்சர். "ஒழிஞ்சு போகும்போ என்னோட மூணு ஃபேனையும் கொண்டுபோயிட்டான். கொக்கி மட்டும் பாக்கி." சொல்லிவிட்டுச் சாவியை என் கையில் வைத்தார்.

அது நல்ல குணம் இல்லை டீச்சர், கை எழவில்லை, என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. மதிக்குப் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்கே தெரிந்தது, ஆனால் சாவியின் கனம் மட்டும்தான் கையில் தெரிந்தது. என் வீட்டை ஏலத்தில் எடுத்தவர், நான் முகம்கூடப் பார்க்காத ஒருவர், எனக்காக நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார். அதை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. டீச்சர் அதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு, "இது மாடியில வரப்போற ஆள். வீட்டை பேங்க் எடுத்துடுச்சு. நல்ல மனுஷன்" என்று அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். அந்தம்மா "அய்யோ பாவம்" என்று சொல்லிவிட்டு, தன் வீட்டு முருங்கையில் காய் நிறைய இருக்கிறது, பறித்துக்கொள்ளலாம் என்றார். தென்காசியில் என் கதை எல்லோருக்கும் தெரியும். யாரும் என்னிடம் அதைப் பேசியதில்லை, எதிரே வந்தால் கடைப்பக்கம் ஒதுங்கிக்கொள்வார்கள். இங்கே காய்ச்சலைப் பற்றிப் பேசுவது போல ஜப்தியைப் பற்றிச் சத்தமாகப் பேசுகிறார்கள். எது பரவாயில்லை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

செல்வியும் மதியும் வந்து சேர்ந்தார்கள். பால் காய்ச்சினோம், டீச்சருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தோம். மதியத்தில் புழுக்கம் தாங்க முடியவில்லை. கடல் பக்கத்து ஊரின் புழுக்கம், உட்கார்ந்திருந்தாலே சட்டை நனைந்துவிடும். சம்பளம் வந்ததும் ஃபேன் வாங்கலாம் என்று சொல்லியிருந்தேன். மூன்று பேரும் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். செல்வி ஒரு அட்டையால் மதிக்கு விசிறிக்கொண்டிருந்தாள். மதி மேலே கொக்கியையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். வீடு போன விஷயத்தை அவளிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை. அப்பாவுக்கு வெளியூரில் வேலை, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

"எப்பா, என் ரூம்ல உள்ள ஃபேன் எங்க?"

"ஊர்லதான் மக்ளே இருக்கு."

"ஓடுதா?"

செல்வியின் கையில் அட்டை நின்றது.

"ஓடுது," என்றேன்.

மதி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஆளில்லாத வீட்டுல சும்மா ஓடுதா? கரண்டு பில்லு வரும்லாப்பா!"

"அடுத்து ஊருக்குப் போவும்போது ஆஃப் பண்ணிருவோம் மக்ளே," என்றேன்.

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. திரும்பிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். செல்வி என் பக்கம் பார்க்காமல், மறுபடியும் விசிற ஆரம்பித்தாள்.