ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த மாத்திரைகள்

நான்கு வருடங்களுக்கு முன்னால், ஒரு கோடைக்காலத்தில் நடந்தது இது. கோரமண்டல் ஸ்டேஷனில் விடியற்காலையில் பெங்களூர் ரயில் ஏறினேன் என்றால், வீடு திரும்ப இருட்டிவிடும். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு எங்கள் கே.ஜி.எஃப்பில் பாதிக் குடும்பங்களுக்கு இதுதான் பிழைப்பு. என் தோழி ஆண்டர்சன்பேட்டைக்காரி. எனக்கு முன்பே மாரிக்குப்பத்தில் ஏறி, ஜன்னலோரம் எனக்காகக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைப்பாள். அவள் கார்மெண்ட்ஸில் தையல் வேலை, நான் ஒரு அலுவலகத்தில் ரிசப்ஷன். பத்து வருடமாக ஒரே பெட்டி, ஒரே சீட்டு.

பெண்கள் பெட்டியில் என்னை எல்லோரும் ‘டாக்டரம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் படித்தது பி.காம்! என் கைப்பையில் மகளின் பழைய ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்று இருக்கும். அதில் வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். மகளுக்குத் தொண்டை வலிக்கு எழுதிக் கொடுத்ததில் நான்கு, கணவர் பல் பிடுங்கியபோது வாங்கியதில் ஐந்து, இப்படி. தீர்ந்தால் பழைய அட்டையைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொள்வேன். தினமும் விடிவதற்குள் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள் டாக்டரை எப்போது பார்ப்பது? லீவு போட்டால் சம்பளத்தில் கை வைப்பார்கள். அதனால் பங்காரப்பேட்டை வருவதற்குள் யாராவது ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து விடுவாள். நானும் பெரிய மனுஷி மாதிரி நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, மாத்திரையைக் கிள்ளிக் கொடுப்பேன். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

என் தோழிக்கு வந்ததெல்லாம் ஒரே தொந்தரவு. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். பெட்டியில் இருந்த கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வேலை செய்யும் இடத்தில் எழுந்து போனால் சூப்பர்வைசர் வாட்சைப் பார்ப்பான். அதனால் காலையிலிருந்து மத்தியானம் வரை அவள் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். நாங்கள் எல்லோருமே அப்படித்தான். எரிச்சல் வந்தால் என் காதில் மட்டும் சொல்வாள். நான் ஆறு மாத்திரை கொடுப்பேன். இரண்டு நாளில், “எல்லாம் சரியாப்பூட்ச்சு டீ” என்று சிரித்துக்கொண்டே, மீதி இரண்டைக் காகிதத்தில் மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவாள். வேறு யாருக்காவது ஆகுமாம். அப்படி ஒரு நல்ல மனசு அவளுக்கு. நானும் அதை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்வேன். இரண்டு வருடத்தில் ஆறேழு முறையாவது இப்படி நடந்திருக்கும்.

அந்தக் கோடையில் ஒரு திங்கட்கிழமை. எல்லோரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கினாள். இடுப்புக்கு மேலே, முதுகில் குத்துகிறது என்றாள். டாக்டரிடம் போ என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. என் கணவரின் பல் வலி மாத்திரை கொஞ்சம் ‘ஸ்ட்ராங்’ என்று நினைவு வந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். புதன்கிழமை ரயில் வந்தபோது ஜன்னலோரத்தில் கைக்குட்டை இல்லை. வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் அவள் கணவர் போன் செய்தார். அவளைக் கோலாரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சிறுநீரகத்தில் ஆரம்பித்த கிருமித் தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டதாம்.

அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் பிடித்து ஓடினேன். கைப்பையில் ஜாமெட்ரி பாக்ஸும் கூடவே வந்தது. டாக்டர் இளம்பெண், கன்னடக்காரர். எங்களைப் பார்த்ததும் தமிழிலேயே கேட்டார். இதற்கு முன் இவர் என்னென்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கிறார்? “ஒண்ணும் சாப்டலீங்க டாக்டர். அவ ஆஸ்பத்திரிக்கே போனதில்ல” என்றார் அவள் கணவர். பாவம், அவருக்கு என்ன தெரியும்? டாக்டர் என்னைப் பார்த்தார். ஊர் வாயெல்லாம் என்னிடம்தான் இருக்கிறது என்று என் மாமியாரே சொல்வார். அப்படிப்பட்ட நான் வாயைத் திறக்கவில்லை. ஆமாம் என்று தலையை வேறு ஆட்டினேன். அவள் கணவர் முன்னால் மாட்டிக்கொள்வேனே என்ற பயம். வேறு ஒரு காரணமும் இல்லை.

மறுநாள் போனபோது காய்ச்சல் துளியும் இறங்கவில்லை. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. ஏற்றிய ஊசி மருந்து கேட்கவில்லை என்றார்கள். கிருமியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், முடிவு வர இன்னும் இரண்டு நாள் ஆகும். நான் கட்டிலருகே குனிந்ததும் அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“இன்னா டீ, பங்காரப்பேட்டை வந்துச்சா?”

ஐயோ! ஜுர மயக்கத்தில் ரயிலில் இருப்பதாக நினைத்திருக்கிறாள். அப்படியே வெளியே ஓடி, வராந்தாவில் போய்க்கொண்டிருந்த டாக்டரைப் பிடித்து நிறுத்தினேன். அவள் கணவரும் பின்னாலேயே வந்துவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குப் பேச்சைவிட அழுகைதான் அதிகம் வந்தது.

டாக்டர் திட்டவில்லை. ஜன்னல் மேடையில் பாக்ஸைக் கவிழ்த்து, ஒவ்வொரு அட்டையாக எடுத்து, பெயர்களைக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார். பெயர் கிழிந்துபோன துண்டுகளைத் தனியாக ஒதுக்கினார். அப்புறம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். “நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா?” அதை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் மருந்தை மாற்றினார்கள். கடைசிக்கு என்று வைத்திருக்கும் மருந்தாம் அது, மூன்று வேளையும் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும்.

இரண்டு நாள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மருந்துகளின் வரிசை. என் பெட்டியில் இருந்தவை எல்லாமே அதில் இருந்தன. அவற்றுக்கு நேராக ஒரே எழுத்து, இந்த மருந்துக்குக் கிருமி அடங்காது என்று அர்த்தம். மருந்துக்கு உடம்புதான் பழகிப்போகும் என்று அதுவரை நினைத்திருந்தேன். உடம்பு இல்லையாம், கிருமி. கிருமிகள் பூராவும் சாவதற்குள் நிறுத்திவிட்டால், தாக்குப்பிடித்தவை மிஞ்சிப் பெருகுமாம். அடுத்த முறை அதே மருந்து அவற்றை ஒன்றும் செய்யாது. நல்ல மனசோடு அவள் திருப்பிக் கொடுத்த அந்த இரண்டிரண்டு மாத்திரையை நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது. எனக்குத் தெரிந்த ஜெபம் எல்லாம் நான் செய்தேன், அவள் வீட்டார் புத்தர் படத்தின் முன் விளக்கேற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஒரு சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது, இனி காலமெல்லாம் பரிசோதனை. நான் கட்டிலில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் என் கையைப் பிடித்துத் தடுத்தாள். “அத்த உடு. நான் திருப்பிக் குடுத்தத வேற யாருக்குனா குடுத்தியா?” என்று கேட்டாள்.

கொடுத்திருந்தேன். இருமல் என்று வந்த நர்சரி டீச்சருக்கு, பிள்ளைக்குச் சளி என்று கேட்ட ஒரு அம்மாவுக்கு, இன்னும் யார் யாருக்கோ.

அடுத்த திங்கட்கிழமை, ரயிலில் எழுந்து நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சிலர் அழுதார்கள். அந்த டீச்சர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் வேறு பெட்டிக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது? அன்றோடு ஜாமெட்ரி பாக்ஸ் போயிற்று, டாக்டரம்மாவும் போனாள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலை, கோரமண்டலில் ரயில் வந்து நின்றபோது ஜன்னலோரத்தில் கைக்குட்டை கிடந்தது. ஏறி உட்கார்ந்து, இளைத்துப்போன அவள் தோளில் சாய்ந்து அழுதேன். “போதும் வாடி, மானத்த வாங்காத” என்றாள். டாக்டர் சொன்னபடி அவள் இப்போது பாட்டிலும் கையுமாகத் தண்ணீர் குடிக்கிறாள், அவளோடு நானும். பங்காரப்பேட்டை தாண்டியதும் அவள் கழிவறைக்குப் போவாள், நான் அந்தத் தாழ்ப்பாள் இல்லாத கதவை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அத்தனை வருடமாக என்னிடமிருந்து அவளுக்கு வேண்டியிருந்தது இது ஒன்றுதான் என்பது, கதவைப் பிடிக்கும் ஒவ்வொரு காலையும் எனக்கு வலிக்கிறது.