விட்டுக்கொடுக்கும் முன் ஒரு ஃபோன்

முதலாளி ஓய்வு பெற்றபோது, லோரிக் கம்பெனியின் தலைமையை இரண்டு பேரிடம் சேர்த்துக் கொடுத்தார். ஜார்ஜ் டவுன் ஆபீசில் வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்டும் நான் ஒருத்தி. பட்டர்வொர்த் டிப்போவில் டிரைவர்களைக் கட்டி மேய்ப்பவர் இன்னொருவர். டிரைவராகச் சேர்ந்து மேலே வந்தவர், என்னைவிட இளையவர். தம்பி என்றுதான் கூப்பிடுவேன்.

"ஒரு வருசம் பாப்பேன். சரிப்படலனா ஒருத்தரத்தான் வெப்பேன்" என்றார் முதலாளி.

எங்களுக்குள் ஒரே விதி. ஒருவர் வாக்குக் கொடுத்துவிட்டால் மற்றவர் அதை மாற்றக் கூடாது. அம்மா மறுத்ததும் அப்பாவிடம் ஓடும் பிள்ளைகள் போல ஆட்கள் இரண்டு பக்கமும் முயன்று பார்த்து ஓய்ந்தார்கள். எனக்கு அதில் கர்வம்தான்.

தைப்பூசம் நெருங்கியது. எங்கள் பெரிய வாடிக்கையாளரான தொழிற்சாலை, பூசத்தன்று மூன்று லோரி கேட்டது. தருவதாகச் சொல்லிவிட்டேன். நான் சொன்ன அதே காலையில் டிரைவர்கள், பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் பந்தலில் மோர் ஊற்ற லீவு கேட்க, தம்பி கொடுத்துவிட்டார். இரண்டு வாக்கும் மோதுவது மத்தியானம்தான் குமாஸ்தா சொல்லி இருவருக்கும் தெரிந்தது.

தம்பியின் வாக்கைக் காப்பாற்ற, நான் தொழிற்சாலையிடம் மன்னிப்புக் கேட்டு லோரி இல்லை என்றேன். என் வாக்கைக் காப்பாற்ற, தம்பி டிரைவர்களிடம் கெஞ்சி லீவை நிறுத்தினார். ஒருவருக்கொருவர் ஃபோன் போடத் தோன்றவில்லை. பூசத்தன்று மூன்று காலி லோரிகள் தொழிற்சாலை வாசலில் நின்றன. சரக்கை வேறு கம்பெனி ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

முதலாளி எங்களைத் தனித்தனியாக வரச் சொன்னார். தம்பி எனக்கு முன்பே போய்வந்துவிட்டார்.

"ஒரு பாஸ் போதும்லா. உன்னையே வெக்கச் சொல்லிட்டான் அவன்" என்றார் முதலாளி என்னிடம்.

அந்த நாற்காலி தனியாகக் கிடைத்தால் எனக்குக் கசக்காது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் கோபம்தான் வந்தது.

"என்னக் கேக்காம எப்படி விட்டுக்கொடுத்தாரு? இதான், முதலாளி, எங்க ரெண்டு பேரு தப்பும். பூச நாள்ல டிரைவருங்க அவருக்காக வந்தாங்க. நான் கூப்பிட்டா வந்திருக்க மாட்டாங்க. அவரு இல்லாம எனக்கு இந்த வேல வேணாம்."

முதலாளி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அந்த ஃபேக்டரிய திருப்பிக் கொண்டாங்க, பாப்போம்."

இருவரும் சேர்ந்தே போய்ப் பேசினோம். தொழிற்சாலைக்காரர்கள் எங்களிடமே திரும்பி வந்தார்கள். வருடம் முடிந்தது. முதலாளி எங்களில் யாரையும் நீக்கவில்லை.

இந்த முறை பூசத்துக்கு முன்பே டிப்போவிலிருந்து ஃபோன் வந்தது.

"அக்கா, டிரைவருங்க லீவு கேக்கறாங்க. ஃபேக்டரிக்கு வாக்குக் குடுத்துட்டீங்களா?"

"இப்பத்தான் குடுத்தேன்."

"அப்ப நான் விட்டுக்கொடுத்துடவா?"

"வேணாம் தம்பி. நானும் விட்டுக்கொடுக்கல. சரக்க ஒரு நாள் முன்னாடியே ஏத்திடலாமானு ஃபேக்டரிகிட்ட கேப்போம். லைன்ல இருங்க, ரெண்டு பேருமே பேசலாம்."