இடது பக்கப் பெட்டி

சென்னகேசவனுக்குப் பொறாமை வந்தால் முதலில் காது சிவக்கும். மற்றவர்களைப் போல முகம் சுண்டுவதோ பேச்சு குறைவதோ கிடையாது. வாய் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருக்கும், காது மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். சிங்காநல்லூரில் அவனோடு பழகிய எல்லோருக்கும் இது தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது.

பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறை ஒன்றில் கடைந்த பாபின்களை மில் மில்லாகக் கொண்டுபோய்க் காட்டி ஆர்டர் பிடிப்பது அவன் வேலை. மில்லில் நூல் சுற்றுகிற மரக்கட்டைதான் பாபின். மாதத்தில் பாதி நாள் டூர். அவினாசி, பெருந்துறை, ஈரோடு, சேலம் என்று போய்க்கொண்டே இருப்பான். அதற்காகவே அறுபத்துமூன்றில் ஒரு ஜாவா மோட்டார் சைக்கிள் வாங்கினான். சிவப்பு வண்டி, பளபளக்கிற டாங்கு, இரண்டு சைலன்சர். முறுக்கினால் முன்னால் போகிற பஸ்ஸை நின்ற இடத்தில் விட்டுவிட்டுப் போகும். அந்தத் தெருவில் அதற்கு ஈடான வண்டி கிடையாது. அப்படிப்பட்ட வண்டியை வைத்துக்கொண்டும் ஒருவனுக்குப் பொறாமை வருமா என்று கேட்பவர்களுக்குச் சென்னகேசவனைத் தெரியாது என்று அர்த்தம்.

பொறாமை தேவதாஸ் மேல். அடுத்த தெருக்காரர், வேறொரு கம்பெனிக்காக அதே மில்களில் அதே பாபின் விற்கிறவர். அவருடையது பட்டாளத்தில் ஓடிக் கழித்துப்போட்ட பழைய பி.எஸ்.ஏ. வண்டி. அது கிளம்பும்போது போடுகிற சத்தத்தில் தெரு நாய்கள் எல்லாம் எழுந்து நகரும். சென்னகேசவன் அதைப் பார்த்துச் சிரித்த காலம் ஒன்று உண்டு. அந்தச் சிரிப்பு ஒரு ஐப்பசி மழையோடு போயிற்று.

அன்று ஒரு மில்லின் ஸ்டோர் ரூமில் இருவரும் ஒரே நேரத்தில் போய் நின்றார்கள். சென்னகேசவனின் சாமான் ஒரு தகர டிரங்குப் பெட்டியில் இருந்தது. அதைப் பின் சீட்டில் வைத்துத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டி, மேலே தார்ப்பாய் போட்டு வந்திருந்தான். திறந்தால் உள்ளே தண்ணீர். பாபின்கள் ஊறி உப்பிப்போய், ஒன்றைக்கூட மெஷினில் மாட்ட முடியவில்லை. தேவதாஸ் வெளியே போய்த் தன் வண்டியின் பக்கவாட்டில் தொங்கிய அலுமினியப் பெட்டியைத் திறந்தார். ஃபிளானல் துணியில் சுற்றிய பாபின்கள் பட்டறையிலிருந்து வந்த மாதிரியே இருந்தன. ஸ்டோர்காரர் ஆர்டரை அவருக்கு எழுதினார். போதாததற்கு சென்னகேசவனைப் பார்த்து, "நீங்களும் இப்படி ஒரு பொட்டி செஞ்சுக்கலாமுங்களே" என்றார். சென்னகேசவன் சிரித்தான். காது தணல் நிறத்தில் இருந்தது.

வெளியே வந்ததும் தேவதாஸ் தாமாகவே சொன்னார். "உக்கடத்துல முஸ்தபா கடைங்க. டிரங்குப் பொட்டி செய்யறவரு. நான் வேணாக் கூட வாரேனுங்க, அளவெல்லாஞ் சொல்லித் தாரேன்."

"எனக்கெதுக்குங்க பொட்டி? ஜாவாவுக்கு அதெல்லாம் எடுக்காதுங்க" என்றான் சென்னகேசவன். எடுக்கும் என்று அவனுக்கே தெரியும். அவர் கையால் நல்லது நடந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

வீட்டில் அவன் மனைவி ராமாமணிக்கும் ஒரு பொறாமை இருந்தது. அது தேவதாஸின் மனைவி கிருபாவதி மேல். கல்யாணமாகி நாலு வருஷம். ஜாவா வந்த முதல் வாரம் பின்னால் உட்கார்ந்து மருதமலைக்கு ஒரு தடவை போனதோடு சரி. அதற்குப் பிறகு அந்த சீட்டில் தகரப் பெட்டி குடியேறிவிட்டது. கயிற்றை அவிழ்ப்பது பெரிய வேலை என்று ஞாயிற்றுக்கிழமைகூட அது இறங்குவதில்லை. கிருபாவதியோ வாரா வாரம் கோயிலுக்கு பி.எஸ்.ஏ.யில் போகிறாள், ஈரோட்டில் அக்காள் வீட்டுக்கும் புருஷனோடு டூரிலேயே போய் வருகிறாள். கரகரக்கிற அந்த வண்டியில் அவள் போவதை ஜன்னலில் நின்று பார்ப்பது ராமாமணிக்கு வழக்கமாகிவிட்டது.

இவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். ஒரு நாள் ராமாமணி சொன்னாள்: "ஏனுங்க, தேவதாஸ் அண்ணன் வண்டியாட்டம் நம்ம வண்டியிலயும் பொட்டியப் பக்கத்துல மாட்டிப்போட்டா தேவலைங்க."

சென்னகேசவனுக்கு அதில் 'தேவதாஸ்' மட்டும்தான் காதில் விழுந்தது. கட்டியவள்கூட அவர் பெட்டியைப் புகழ்கிறாள்! "அவரு பொட்டி என்ன பெரிய பொட்டி? பாரு, நான் செய்யறேன்" என்றான் வீறாப்பாக. "பொட்டி மாட்டி, ஆடிப் பதினெட்டுக்கு உன்னைய வண்டியிலயே உங்கம்மா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறனா இல்லையா பாரு."

ராமாமணியின் தாய்வீடு பவானி. ஆடிப் பதினெட்டு அங்கே பெரிய நாள், ஆறு இரு கரையும் தொட்டுப் போகும், ஊரே கூடுதுறையில் நிற்கும். அன்று, அந்தக் கூட்டத்துக்கு நடுவே, தன் தெருவில் ஜாவாவின் பின் சீட்டிலிருந்து இறங்குவதை அவள் நினைத்துப் பார்த்தாள். மறுநாளே அம்மா பங்காரம்மாவுக்குக் கார்டு போட்டாள். பங்காரம்மா அதைத் தெரு முழுக்கப் படித்துக் காட்டியதாகப் பதில் வந்தது.

இனி பெட்டி செய்தாக வேண்டும். தேவதாஸிடம் அளவு கேட்க வாய் வராது. அதனால் சென்னகேசவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேவதாஸும் கிருபாவதியும் சர்ச்சில் ஆராதனையில் இருக்கும் நேரம் பார்த்து, தையற்காரர் டேப்போடு அவர்கள் கோயில் வாசலுக்குப் போனான். உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் நின்ற பி.எஸ்.ஏ.யின் முன்னால் மண்டியிட்டு நீளம், உயரம், ஆழம் எல்லாம் எடுத்தான். மூடியின் விளிம்பில் கார் கதவுக்குப் போடுகிற ரப்பர் ஒட்டியிருந்தது. ஓகோ, தண்ணீர் புகாத சூட்சுமம் இதுதானா! வண்டியைச் சுற்றி வந்தான். பெட்டி வலது பக்கம் மட்டுமே இருந்தது. இடது பக்கம் பெட்டிக்குப் பதிலாக, இரும்புப் பட்டையில் ஒரு சாண் அகலப் பலகை ஒன்று தொங்கியது. 'தகடு பத்தலை போலிருக்குது' என்று நினைத்து சந்தோஷப்பட்டான்.

"ஏனுங்க, மண்டி போடறதுன்னா உள்ளார வந்து போடலாமுங்களே" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. கோயிலைப் பார்த்துக்கொள்கிற ஞானாபரணம், விளக்குமாறும் கையுமாக நின்றார்.

"இல்லீங்க, ஒரு சாவி உழுந்துபோச்சு" என்று சொல்லி, இல்லாத சாவியைக் கொஞ்ச நேரம் தேடிவிட்டு வந்தான்.

முஸ்தபா கடையில் பெட்டி தேர்ந்தெடுப்பது லேசுப்பட்ட காரியமாக இல்லை. தோல் பை சுலபம், ஆனால் ஒரு மழைக்கே நாறும். தேக்குப் பலகைப் பெட்டி உறுதி, ஆனால் கனம். ஜாவா ஓடுவதற்குச் செய்த வண்டி, மூட்டை தூக்கச் செய்தது அல்ல. தகரம் துருப் பிடிக்கும். கடைசியில் அலுமினியத்துக்குத்தான் வந்து நின்றார்கள். எந்தப் பெட்டியைக் காட்டினாலும் சென்னகேசவன் கேட்டது ஒரே கேள்வி: "இது தேவதாஸ் பொட்டியவிடப் பெருசுங்களா?"

முஸ்தபாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நாற்பது வருஷமாகப் பெட்டி விற்கிறவர் அவர். "சரிங்க, எவ்வளவு பெருசு வேணும்?"

"எல்லாப் பக்கமும் ரெண்டு இஞ்சு கூட. அவருக்கு ஒண்ணுதானுங்க, எனக்கு ரெண்டு. அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. வண்டிச் செவப்புலயே பெயிண்டு."

"ரெண்டுங்களா?" முஸ்தபா ஜாவாவைச் சுற்றி வந்து இடது பக்கம் நின்றார். "இந்தப் பக்கம் ஆளு..."

"ஏன், உங்களால முடியாதுங்களா?"

"முடியாம என்னுங்க. சரி, நட்டு போல்ட்டு வெச்சு மாட்டித் தாரேன். வேண்டாங்கறப்பக் கழட்டிக்கலாம்."

"தேவதாஸுது நட்டு போல்ட்டுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப எனக்கு வெல்டிங் வெச்சிருங்க. எவனும் கழட்டக் கூடாது."

முஸ்தபா நோட்டில் 'வெல்டிங்' என்று குறித்துக்கொண்டார். வாடிக்கைக்காரர் காது அந்த நிறத்தில் இருக்கும்போது பேசுவதில் பலனில்லை என்று விட்டுவிட்டார்.

வேலை இழுத்து இழுத்து ஆடிப் பதினேழு சாயங்காலம்தான் வண்டி கைக்கு வந்தது. சென்னகேசவன் நேராக வீட்டுக்கா போனான்? தேவதாஸ் வீட்டு வாசலில் போய் ஹாரன் அடித்தான். தேவதாஸ் பனியனோடு வந்து, இரண்டு பெட்டிகளையும் தடவிப் பார்த்தார், மூடியைத் திறந்து மூடினார். "அருமையாச் செஞ்சிருக்கறாருங்க" என்றார் மனசார. பிறகு இடது பக்கம் குனிந்து பார்த்துத் தாடையைச் சொறிந்தார். "ஏனுங்க, நாளைக்கு ராமாமணியம்மாவக் கூட்டிட்டுப் பவானி போறதாச் சொன்னீங்களே. இந்தப் பக்கம்..."

"இந்தப் பக்கத்துக்கு என்னுங்க?" என்றான் சென்னகேசவன். வந்துவிட்டது! குறை சொல்கிறார் என்றால் வயிறு எரிகிறது என்றுதானே அர்த்தம். தேவதாஸின் முகத்தைக்கூட ஒரு தடவை உற்றுப் பார்த்துக்கொண்டான். அவர் என்ன சொல்ல வந்தார் என்று கேட்காமலேயே வண்டியைக் கிளப்பிவிட்டான். அந்த இரண்டு பர்லாங் தூரமும் அவன் ராஜாதான்.

வீட்டில் வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடி, "காலைல பாரு" என்று ராமாமணியிடம் சொல்லிவிட்டான். அவளும் எடுத்துப் பார்க்கவில்லை.

விடிந்தது. ராமாமணி அரக்கு நிறப் பட்டு கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்து, தூக்குப்போசியில் தேங்காய்ச் சோறும் எலுமிச்சம்பழச் சோறும் எடுத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுக் கோமளாவும் பார்க்க வந்து நின்றாள். சென்னகேசவன் தார்ப்பாயை உருவினான். இரண்டு சிவப்புப் பெட்டிகள் மினுமினுத்தன. ராமாமணி முகம் மலர்ந்தது. பின் சீட்டு காலியாக இருந்ததே, அதைப் பார்த்துத்தான் மலர்ந்தது.

அவன் ஏறி உட்கார்ந்து வண்டியை உதைத்தான். அவள் சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, எல்லாப் பெண்களும் உட்காருவது போல ஒரு பக்கமாக உட்கார இடது பக்கம் வந்தாள். சீட்டில் பின்பக்கத்தைச் சாய்த்தாள். காலை எங்கே வைப்பது? கால் தொங்க வேண்டிய இடம் முழுவதும் பெட்டி. பெட்டி மேலேயே காலைத் தூக்கி வைத்தாள். முழங்கால் மோவாய்க்கு வந்தது. வண்டி ஒரு அடி நகர்ந்ததும் சறுக்கி இறங்கிவிட்டாள். வலது பக்கம் போனாள். அங்கேயும் அதே பெட்டி. இரண்டு பக்கமும் காலைப் போட்டு ஆண்பிள்ளை மாதிரி உட்காருவதா, பட்டுச் சேலையோடு, ஆடிப் பதினெட்டும் அதுவுமாக? கோமளா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"இருடி, ஒண்ணக் கழட்டிப்போடறேன்" என்று சென்னகேசவன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு குனிந்தான். குனிந்த பிறகுதான் கழற்ற நட்டே இல்லை என்பது ஞாபகம் வந்தது. வெல்டிங் பற்று ஒவ்வொன்றும் கட்டைவிரல் கனத்துக்கு இருந்தது.

அப்போதுதான் அந்த பி.எஸ்.ஏ. கரகரவென்று தெருமுனையில் திரும்பியது. தேவதாஸும் கிருபாவதியும் ஈரோட்டுக்குப் புறப்பட்டிருந்தார்கள். நின்று விசாரித்தால் மனிதர் சங்கடப்படுவார் என்று தேவதாஸ் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். கிருபாவதி ஒரு பக்கமாக, நாற்காலியில் உட்கார்ந்தவள் மாதிரி வசதியாகப் போனாள். செருப்புப் போட்ட அவள் இரண்டு காலும் இடது பக்கப் பலகையில் இருந்தன. ஒரு கை தேவதாஸின் தோளில் இருந்தது.

"அந்தப் பலகை கிருபாவதி காலுக்குன்னு அவரு செஞ்சதுங்க" என்றாள் ராமாமணி. குரலை உயர்த்தவில்லை. "பொட்டியப் பக்கத்துல மாட்டச் சொன்னது நான் உக்காரத்தானுங்க. பொட்டிக்காகவா சொன்னேன்?"

சென்னகேசவன் ஸ்பானரோடு நின்றான். கோயில் வாசலில் மண்டியிட்டு, கால் இஞ்சு விடாமல் அளந்தவன் அவன். அந்தப் பலகை எதற்கென்று ஒரு நொடி யோசிக்கவில்லை. போகிற வண்டியையே பார்த்தான். காது சிவந்தது. இந்தத் தடவை பெட்டிக்காக அல்ல, தோளில் இருந்த அந்தக் கைக்காக. மருதமலைக்குப் போன அந்த ஒரு நாளைத் தவிர, தன் தோளில் ஒரு கையும் இருந்ததில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ராமாமணி தூக்குப்போசியை இடது பக்கப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். "பஸ்ஸுல நசுங்கிப்போகுமுங்க. நான் மூணு பஸ் மாறி வாரதுக்கு மத்தியானம் ஆயிரும். நீங்க முன்னால போயி அம்மாகிட்டச் சொல்லிப்போடுங்க. காத்துட்டு இருப்பாங்க."

"நானும் உன்கூட பஸ்ஸுலயே..."

"வண்டியில வாரோம்னு எழுதியிருக்கறனுங்க. வண்டியாவது போகட்டும்." சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.

ஜாவா ஜாவாதான். பத்து மணிக்கெல்லாம் பவானியில் இருந்தது. பங்காரம்மா தெருமுனையிலேயே நின்றிருந்தாள், கூட ஏழெட்டுப் பெண்கள். கார்டு படித்துக் கேட்டவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வண்டியை வளைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்கள். "ரெண்டு பொட்டிங்களா! ஈரோட்டுலகூட இப்பிடிப் பார்த்ததில்லைங்க" என்றாள் ஒருத்தி. இந்த வார்த்தையைக் கேட்கத்தான் சென்னகேசவன் அந்த ஐப்பசியிலிருந்து ஏங்கினான்.

பங்காரம்மா பெட்டியைப் பார்க்கவில்லை. காலியாக இருந்த பின் சீட்டைப் பார்த்தாள், அவன் வந்த வழியைப் பார்த்தாள். "எம்பொண்ணு எங்கீங்க மாப்பிள்ளை?"

சென்னகேசவன் இடது பக்கப் பெட்டியைத் திறந்து தூக்குப்போசியை எடுத்துக் கொடுத்தான். மூடி விலகவில்லை, ஒரு பருக்கை சிந்தவில்லை. "பின்னால பஸ்ஸுல வாராளுங்க" என்றான்.

அவள் வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை தெருவில் புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் அவன் அதையே சொல்லிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான்.