ஜன்னல் பக்கம், சுவர்ப் பக்கம்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'எக்ஸ்ரேக்காரம்மா' என்று பெயர். குடியிருந்த தெருவிலும் அதே பெயர்தான். "மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே பாதி ஆயுளைக் கழித்தவள். கணவர் பக்கவாதத்தில் விழுந்தபோது, கூட வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி, "சொல்லாமலே அசையாம கிடக்குற பேஷண்ட் உங்களுக்கு வீட்டுலயே கிடைச்சுட்டார்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எக்ஸ்ரேக்காரம்மா சிரித்தாள். வாய்விட்டே சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு தன்னைப் பற்றித் தனக்கே லேசாகப் பயம் வந்தது.

கணவர் பஸ் டெப்போவில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. சொந்தக்காரர்கள் அவரைத் தங்கமான மனுஷன் என்பார்கள். ஆனால் அவளுக்கு எது பிடித்திருக்கிறது என்று மோப்பம் பிடிப்பதில் அவர் மகா கெட்டிக்காரர். கல்யாணமான புதிதில் அவள் சமையலறையில் ஒரு சின்ன ரேடியோ வைத்திருந்தாள். தினமும் காலையில் அவர் அதன் பேட்டரிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டெப்போவுக்குப் போய்விடுவார். கேட்டால், "ரேடியோவை நான் என்ன தூக்கிட்டா போயிட்டேன்? அங்கேயேதானே இருக்கு" என்பார். பின்னால் ஆஸ்பத்திரிக்குப் புது ஸ்கேன் மெஷின் வந்தது. பயிற்சிக்கு வெளியூர் போக அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர் பெரிய டாக்டருக்கு போன் போட்டு, "நாலு பேர் முன்னாடி நின்னாலே அவளுக்குக் கை நடுங்கும் சார், பாவம், உங்ககிட்டச் சொல்லக் கூச்சப்படுறா" என்று சொல்லிவிட்டார். அவளுக்குப் பதில் போனவள் பிறகு அவளுக்கே மேலதிகாரியாக வந்து உட்கார்ந்தாள்.

இப்போது அந்த வாய் அடைத்துவிட்டது. வலப்பக்கம் முழுக்கச் செத்துப்போய், இடது கை மட்டும் வேலை செய்தது. எது வேண்டுமானாலும் இடக்கை மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டுவார். அவள் நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டாள். படுக்கைப் புண் வந்துவிடக் கூடாது என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆளைப் புரட்டிப் போட வேண்டும். ஒரு முறை ஜன்னல் பக்கம், அடுத்த முறை சுவர்ப் பக்கம்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம் அது. மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே, என்றோ அறுத்துவிட்ட கேபிள் ஒயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் நூலும் சருகும் குப்பையுமாக ஏதோ ஒட்டியிருப்பதை ஒருநாள் பார்த்தாள். துடைப்பத்தால் தட்டிவிடப் போனவள், கட்டை விரல் அளவே இருந்த ஒரு குருவி வாயில் பஞ்சோடு வந்து அதில் தொற்றிக்கொண்டதும் கையை இழுத்துக்கொண்டாள். தேன்சிட்டு. அதுவரை வாழ்க்கையில் ஒரு பறவையை முழுசாக நின்று பார்த்தவளில்லை அவள். அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

அன்றிலிருந்து அது ஒரு பழக்கமாகிவிட்டது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் மைனாக்கள் பங்காளிச் சண்டை போட்டன. புறாக்கள் மொட்டை மாடியைத் தங்கள் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டதுபோல் நடந்தன. கொண்டைக்குருவி ஒன்று துணிக்கொடியில் உட்கார்ந்து, யாரையோ திட்டிவிட்டுப் போனது. ஆனால் அவள் கண் தேன்சிட்டு ஜோடியின் மேல்தான். ஆணை முதலில் வெறும் கறுப்பென்று நினைத்திருந்தாள். வெயில் பட்டபோதுதான் அந்தக் கறுப்புக்குள் நீலமும் ஊதாவும் இருந்தது தெரிந்தது. பிலிமை வெளிச்சத்தில் பிடித்துக் கறுப்புக்குள் கறுப்பைப் பிரித்துப் பார்த்தே பழகிய கண் அது, விடவில்லை. கூடு கட்டும் வேலை முழுக்க மஞ்சள் வயிற்றுப் பெண் குருவிதான் செய்தது. ஆண் பக்கத்தில் உட்கார்ந்து கத்துவதோடு சரி.

"வேலையெல்லாம் அவ பார்க்குறா. ஐயா சூப்பர்வைசர்" என்றாள், கணவருக்குக் காது கேட்கும்படி.

அவர் சிரித்தார். பாதி வாய்தான் கோணியது, ஆனாலும் சிரிப்பு சிரிப்புதான். அவளுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. தலையணையை உயர்த்தி வைத்து, கூடு நன்றாகத் தெரியும்படி அவரைச் சாய்த்துவிட்டாள். சில நாட்கள் இரண்டு பேரும் சேர்ந்தே பார்த்தார்கள். கூட்டு வாசலுக்கு மேல் அந்தக் குருவி ஒரு சின்னத் தாழ்வாரம் இறக்கியபோது இரண்டு பேருமே மூச்சை அடக்கிக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் ஒன்றாகச் செய்த முதல் காரியம் இதுதானோ என்று அவளுக்குத் தோன்றியது.

அதைக் கெடுத்தது ஒரு கை அசைவு. குருவி முட்டையிட்டு உள்ளே உட்கார்ந்திருந்த நாட்கள். காலையில் அவள் ஜன்னலோரம் நின்று போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். அவள் உடம்பு கூட்டை மறைத்தது. அவர் இடது கையைத் தூக்கி, புறங்கையால் காற்றை ஒரு தட்டு தட்டினார். தள்ளு. டெப்போவில் கிளீனர்களையும், வீட்டில் அவளையும் அவர் விலக்கிய அதே தட்டு. முகம் அவளைப் பார்க்கக்கூட இல்லை.

அவள் போர்வையை மடித்து வைத்தாள். கட்டிலுக்கு வந்து, இடுப்புக்குக் கீழே கை கொடுத்து, ஆஸ்பத்திரியில் ஆயிரம் பேரைத் திருப்பிய லாகவத்தோடு அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"நேரம் ஆயிடுச்சுங்க" என்றாள்.

நேரம் ஆகவில்லை.

அதற்குப் பிறகு கணக்கை அவள் மாற்றிவிட்டாள். பறவைகள் பரபரப்பாக இருக்கும் காலையும் சாயங்காலமும் அவருக்குச் சுவர். வெயில் கண்ணைக் குத்துகிற உச்சி நேரத்தில், ஒரு காக்கைகூடக் கத்தாதபோது, ஜன்னல். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டுவதில் ஒரு தடவை தவறவில்லை. முதுகில் ஒரு கொப்புளம் கிடையாது. எந்த டாக்டரும் குறை சொல்ல முடியாது. அவர் மோதிரத்தால் கம்பியைத் தட்டுவார். முதல் தட்டுக்கே ஓடி வந்தவள், இப்போது கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு வந்தாள். முடிக்க வேலை இல்லாவிட்டாலும் கொஞ்சம் நின்றுவிட்டு வந்தாள்.

ஜன்னலில் நின்றபடி அவர் முதுகைப் பார்த்துச் சொல்வாள். "பொரிஞ்சிடுச்சுங்க. ரெண்டு. வாய் மட்டும்தான் தெரியுது, ஆரஞ்சுக் கலர்ல. அடடா, இப்ப பார்க்கணுமே நீங்க!"

காது மட்டும் சிவக்கும். தலையணை நனைந்திருக்கும். உறையை மாற்றுவாள். உள்ளே ஏதோ ஒன்று இனித்தது. அதுவும் கொஞ்ச நேரம்தான், பிறகு நாக்கில் கசப்பு ஊறும். ஆனாலும் மறுநாள் காலை அதையே செய்தாள்.

"உங்களை மாதிரி யாரால முடியும்கா? புருஷனைக் குழந்தை மாதிரி வச்சிருக்கீங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"என் கடமைதானே" என்றாள் எக்ஸ்ரேக்காரம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வந்தாள். அப்பா செல்லம். வந்ததும் வராததுமாக, "என்னம்மா, சுவத்தைப் பார்க்க வச்சிருக்க? பாவம்" என்றாள்.

"திருப்புற நேரம் இன்னும் ஆகலைடி."

"பரவாயில்லம்மா, ஒரு நாள்தானே."

மகளே அவரைத் திருப்பினாள். குஞ்சுகளுக்கு இறகு முளைத்திருந்தது. ஒன்று கூட்டு வாசலில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் கண் அகன்றதைப் பார்த்துவிட்டு, "பாருங்கப்பா, உங்களுக்குத்தான் எட்டிப் பார்க்குது" என்று கொஞ்சினாள் மகள். பிறகு ரொட்டி வாங்கக் கீழே கடைக்குப் போனாள்.

எக்ஸ்ரேக்காரம்மா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மோதிரம் கம்பியில் தட்டியது. தட்டட்டும் என்று நினைத்தாள். அதுதான் மகாராணி வந்து திருப்பிப் போட்டாயிற்றே, இன்னும் என்ன வேண்டுமாம்? தட்டல் வேகமானது. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். பிறகு ஒரு சத்தம் வந்தது. அவர் தொண்டையிலிருந்து அப்படி ஒன்றை அவள் கேட்டதே இல்லை. மாடு கத்துவதுபோல் இருந்தது. அப்போதும் கையிலிருந்த தட்டைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போனாள்.

ஒயரில் காக்கை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கூடு பாதி கிழிந்துவிட்டது. பஞ்சு காற்றில் பறந்தது. பெண் குருவி சுற்றிச் சுற்றி வந்து கத்திக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலை ஓங்கி அடித்தாள். காக்கை போனபோது அதன் வாயில் ஒன்று இருந்தது. மற்றொன்றை அது முன்னமே முடித்திருந்தது.

அவர் முகமெல்லாம் நனைந்திருந்தது. மோதிரம் இடித்த விரலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. எத்தனை நேரமாகத் தட்டியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கும் அழுகைதான் வந்தது. அந்தக் குஞ்சுகள் வெளியே பறக்கும் நாளுக்காக அவளும்தான் காத்திருந்தாள். ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"ஆசைப்பட்டீங்களே, நல்லாப் பார்த்துட்டீங்களா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வாசலில் மகள் ரொட்டியோடு நின்றாள். கேட்டாளா, கேட்கவில்லையா என்று தெரியவில்லை. சாப்பிடாமலே கிளம்பினாள். அதன் பிறகு போன் செய்தால் அப்பாவைப் பற்றி மட்டும் விசாரித்தாள்.

விடுப்பு முடிந்து எக்ஸ்ரேக்காரம்மா மறுபடி வேலைக்குக் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்தாள். அந்தப் பெண் நல்ல மாதிரி. முதல் நாளே, "அய்யாவுக்கு எந்தப் பக்கம் பிடிக்கும்கா?" என்று கேட்டாள்.

எக்ஸ்ரேக்காரம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுத் தொட்டி மேல் மைனாக்கள் சண்டையில் இருந்தன. "ஜன்னல் பக்கம்" என்று சொல்லத்தான் நினைத்தாள். "அவரையே கேளு" என்றாள்.

அந்தப் பெண் குனிந்து கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு இடது கையை மெல்லத் தூக்கிச் சுவரைக் காட்டினார்.

"வெளிச்சம் கூசுது போல" என்றாள் அந்தப் பெண்.

எக்ஸ்ரேக்காரம்மா மீதித் துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.