ஃப்ரீ என்று வந்தால் குப்பைக்கு

வேண்டாத மெயிலைத் தடுக்கிற வேலையில் யாரும் நம்மைப் பாராட்டுவதில்லை. வராத ஒன்றுக்கு யார் வந்து நன்றி சொல்வார்கள்?

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் இருக்கிறேன். விண்ணப்பம் போடுவது, பிரிண்ட் எடுப்பது போக, கம்ப்யூட்டரில் விளம்பரம் வராமல் தடுப்பு மென்பொருள் போட்டுத் தருவதும் என் வேலை. கடன் தருகிறேன், பரிசு விழுந்திருக்கிறது என்று பல் விளக்கும் முன்பே மெயில் வந்து நிற்கும் உங்களுக்கு என் பாடு புரியும்.

இதற்கு நடுவில் நான் ஒரே ஒரு மெயிலுக்குக் காத்திருந்தேன். என் மகனுக்கு இரண்டரை வயது, இதயத்தில் ஓட்டை. அழுதால் உதடு நீலமாகிவிடும். அவனை அழவிடாமல் பார்த்துக்கொள்வதே வீட்டில் எல்லோருக்கும் வேலை. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் பதிந்திருந்தோம். தேதி மெயிலில் வரும் என்றார்கள். அவன் தூங்குகிறான், மூச்சுக்கு ஒரு காதைக் கொடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

விசாரித்தவர்கள்

தியாகதுருகத்திலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். போனைத் திறந்தால் விளம்பர மெயில்தான் என்று அலுத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் தடுத்துக் கொடுத்தேன். சந்தோஷமாகப் போனார்.

நான்காம் நாள் முகம் வாடி வந்து நின்றார். பெட்டி சுத்தமாகத்தானே இருக்கிறது சார் என்றேன். அதுதான் பிரச்சினையாம். மகன் வெளிநாட்டில், மனைவி இறந்து இரண்டு வருஷம். போனை என் பக்கம் நகர்த்திவிட்டு, "தெனம் பேரச் சொல்லி நாலு பேராவது கூப்புட்டுக்கினு இருந்தாங்கம்மா, இப்ப ஒருத்தனும் இன்னான்னு கேக்கல, பழையபடியே வுட்டுடு" என்றார்.

காணாமல் போன உரக்கடை

மணலூர்பேட்டை உரக்கடைக்காரருக்கு, இணையத்தில் எந்த விளம்பரமும் தெரியாதபடி செய்து கொடுத்தேன். மறுநாள் கடை திறக்கும் நேரத்துக்கே வாசலில் நிற்கிறார். உள்ளூர்ச் செய்தித் தளம் ஒன்றில் அவரே போட்ட விளம்பரம், மாலை போட்ட அவர் அப்பா படத்தோடு, காணவில்லையாம். செய்தித் தளத்துக்காரரிடம் விடிய விடியச் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

தளத்தில் இருக்கிறது சார், உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் தெரியாது என்று என் போனில் திறந்து காட்டினேன். அப்பாவைப் பார்த்ததும் கொஞ்சம் தணிந்தார். ஆனாலும் விடவில்லை: "ஊரான் வெளம்பரத்த மறைக்கச் சொன்னா, எங்கப்பன இன்னாத்துக்கும்மா மறைச்ச?"

ஊருக்கெல்லாம் ஒரே பெட்டி

மெயில் முகவரி இல்லாதவர்கள் விண்ணப்பத்தில் எங்கள் கடை முகவரியைத்தான் போடுவார்கள். ஹால் டிக்கெட், உதவித்தொகை, கல்லூரி இடம் எல்லாம் இந்த ஒரே பெட்டிக்கு வரும். கூடவே குப்பையும் வரும். தடுத்து வை என்றார் ஓனர். நான் கான்வென்டில் படித்தவள். ஒன்று சொன்னால் ஒன்றரையாகச் செய்தே பழக்கம். ‘ஃப்ரீ’ என்ற சொல் எந்த மெயிலில் இருந்தாலும் நேராகக் குப்பைக்குப் போகும்படி விதி எழுதினேன். மறுநாளே பெட்டி பளிச்சென்று ஆனது. ஓனர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்பதாம்மா கட கட மாதிரி இருக்குது."

மலையிலிருந்து வந்தவர்

கல்வராயன் மலையிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் வருவார். மகளுக்கு நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தார், எங்கள் முகவரியில்தான். இந்த வெள்ளியும் வந்தார். எதுவும் வரவில்லை அண்ணா என்றேன். அவர் திரையின் ஓரத்தைக் காட்டி, அங்கே ஏதோ நம்பர் ஏறிக்கொண்டே போகிறதே என்றார். அது குப்பை, பார்க்கத் தேவையில்லை என்றேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டு வந்த மனுஷர் விடுவாரா? "சாமை பொடைக்கிறப்பவே பதரோட நாலு நல்ல மணியும் போவுது, உங்க மிஷினு மட்டும் சுத்தமா பொடைச்சிடுமாங்க?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வேண்டாவெறுப்பாகத் திறந்தேன். பரிசு, கடன், பரிசு. கீழே ஆஸ்பத்திரியின் பெயர். என் மகனின் பெயர். ஆபரேஷனுக்குப் பதியும்போது கைப்பழக்கத்தில் அவனுக்கும் கடை முகவரியையே போட்டிருந்தேன். மெயில் வந்து ஒன்பது நாள். திங்கள் காலை சேர்க்க வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்கு. கடைசி வரியில், சிகிச்சை முற்றிலும் ஃப்ரீ.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். இடம் இருக்கிறது, வாருங்கள் என்றார்கள். அங்கேயே அழுதுவிட்டேன். அண்ணன் என் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தையும் திறக்கச் சொல்லிக் கடைசி மெயில் வரை பார்த்தார். அவர் மகளுக்கு எதுவும் இல்லை. "பரவால்லம்மா, புள்ளய பத்தரமா இட்டுக்கினு போயிட்டு வா, எங்குளுது வந்தா மட்டும் குப்பன்னு தள்ளிடாத" என்று பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

விதியை அன்றே அழித்துவிட்டேன். நாளை சென்னை பஸ் ஏறும் வரை, வேண்டாத மெயிலைத் தடுப்பதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிய நான், பரிசு விழுந்த கடிதங்களை ஒன்று விடாமல், கடைசி வரி வரை, படித்துக்கொண்டிருக்கிறேன்.