குரல் உடையும் இடம்

என் குரல் இரண்டு துண்டாக இருந்தது. கீழே பாடும்போது நெஞ்சிலிருந்து கனமாக வரும். மேலே போனால் தலைக்குள் எங்கோ மெலிதாக ஒலிக்கும். தனித்தனியே இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற இடத்தில்தான் க்ளுக்கென்று உடையும். திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் பஜனைக் குழு பாட இருந்தது. எனக்குக் கொடுத்திருந்த சரணம் சரியாக அந்த இடத்தைத் தாண்டியது. உடைந்தால் வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவேன் என்று குழுவை நடத்தும் அக்கா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோறு வடிக்கும்போதும் அந்த வரிதான், தறிக்கு நூல் சுற்றும்போதும் அந்த வரிதான்.

எங்கள் ஊர் நகரியில் வீட்டு முன்கூடத்திலேயே விசைத்தறிகள் ஓடுகின்றன. சாதகம் செய்ய அதைவிட நல்ல இடம் இல்லை என்று நினைத்தேன். யாருக்கும் கேட்காது, வெட்கப்படவும் வேண்டாம். தொண்டை கிழியப் பாடினேன். சில வாரங்களில் உடைசல் போயே போய்விட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மத்தியானம் நான் உச்சியில் இருந்தபோது கரண்ட் போய்த் தறிகள் நின்றன. க்ளுக். தெருவுக்கே கேட்டது. உடைசல் எங்கேயும் போகவில்லை, இத்தனை நாளும் தறி அதை விழுங்கிக்கொண்டிருந்தது. மானம் போன மாதிரி சமையல்கட்டுக்குள் போய் நின்றுகொண்டேன்.

அதன் பிறகு கரண்ட் போனால்தான் பாட்டு. ஊரே திட்டுகிற நேரத்துக்காக நான் மட்டும் விளக்கைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். தறி நின்றால் கூலியும் நிற்கும் என்று தெரியும். தெரிந்தும் ஆசைப்பட்டேன். அமைதியில் பாடியபோதுதான் விஷயம் பிடிபட்டது. கீழேயே முழுப் பலத்தையும் போட்டுவிட்டு, அதே பலத்தோடு மேலே ஏறப் பார்த்திருக்கிறேன். பேச்சே கத்தலாக இருக்கிற வீட்டில் பாட்டு மட்டும் எப்படி வரும்? உடையும் இடம் வருவதற்கு முன்பே குரலின் பாரத்தைக் குறைத்தேன். மூச்சைத் தள்ளாமல் தானாகப் போகவிட்டேன். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. எரிச்சலில் ஒருமுறை தண்ணீர்ச் சொம்பை உருட்டிவிட்டேன். போகப்போக, எங்கே மாறுகிறது என்று எனக்கே தெரியாத அளவுக்கு வந்தது.

திருப்பதியில் அந்த வரி வழுக்கிக்கொண்டு ஏறியது. அக்கா தாளம் போட்டபடியே தலையை ஆட்டினார். என் கண் தேடியது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரை. சின்ன வயதிலிருந்து தறி பக்கத்திலேயே நிற்கிறவர். டிவி அலறினால்தான் அவருக்கு அது பாட்டு.

திரும்பும்போது பஸ்ஸில், எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டேன்.

“நல்லாத்தான் பாடிக்கினு வந்த. மேல போவ சொல்ல இன்னாத்துக்கு நிறுத்திட்ட?”

நான் நிறுத்தவில்லை. அவர் காதுக்கு அது எட்டவில்லை. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பஸ் புத்தூரைத் தாண்டி இரைந்துகொண்டு போனது. அவர் காதருகே சாய்ந்து, அதே வரியைப் பழையபடி நெஞ்சிலிருந்து முழுக்குரலில் பாடினேன். அதே இடத்தில் உடைந்தது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“ஆங், இப்ப கேக்குது,” என்றார் என் வீட்டுக்காரர்.