யாருக்கும் தோன்றக்கூடிய பூட்டு

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. புனேவை அடுத்த பிம்ப்ரியில் பார்த்துவந்த தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, ஸ்கூட்டர் திருட்டைத் தடுக்க ஒரு பூட்டுச் செய்து காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தேன். ஹேண்டில் பூட்டை உடைத்தால் உள்ளே பெட்ரோல் தானாக அடைபட்டுவிடும். திருடன் வண்டியைக் கிளப்பலாம்; அடுத்த தெருவுக்குள் நின்றுவிடும்.

காப்புரிமை அலுவலகம் ஆட்சேபம் சொன்னது. ஹேண்டில் பூட்டும் பழசு, பெட்ரோலை அடைப்பதும் பழசு. இரண்டையும் சேர்ப்பது இந்தத் தொழில் தெரிந்த யாருக்கும் தோன்றுமே என்று. மும்பைக்கு நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். உரிமை கிடைக்காவிட்டால் யார் வேண்டுமானாலும் என் பூட்டைச் செய்து விற்கலாம். வீடோ மனைவியின் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மும்பைக்குக் கிளம்பும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

“ஏனுங்க, பரீட்சைக்குப் போற பையனாட்டம் நடுங்கறீங்க?” என்று கேலி செய்தாள் மனைவி. அவள் குரலும் அன்று சரியாக இல்லை.

விசாரணையில் நான் செய்த காரியம் இருக்கிறதே! அதிகாரிக்குப் புரியவேண்டுமே என்ற பதற்றத்தில், மாதிரிப் பூட்டைப் பிரித்துக் காட்டி, குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, “ரொம்ப சிம்பிளா இருக்கே. அப்போ யாருக்கும் தோணுமே?” என்றார். பக்கத்திலிருந்த என் மராட்டிய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

வக்கீல்தான் சமாளித்தார். இதற்கு முன் என்னவெல்லாம் செய்து பார்த்தீர்கள், அதைச் சொல்லுங்கள் என்றார். தோற்ற கதையைச் சபையில் சொல்ல வெட்கமாக இருந்தது. பூட்டின் கம்பியைத் தடிமனாக்கினேன், உடைந்தது. இரட்டைப் பூட்டுப் போட்டேன், அதுவும் போயிற்று. பெரிய கம்பெனிகளும் உடைக்க முடியாத பூட்டைத்தான் தேடிக்கொண்டிருந்தன. எப்படியும் உடைப்பான், உடைத்த பிறகு என்ன என்று யோசிக்கவே எனக்குச் சில வருடங்கள் ஆயின என்று திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன்.

“எல்லாருக்கும் தோணக்கூடியதுன்னா, இத்தனை வருஷமா ஒருத்தருக்கும் ஏன் சார் தோணலை?” என்று கேட்டார் வக்கீல்.

அதிகாரி எழுதிக்கொண்டார். முடிவு பிறகு வரும், போகலாம் என்றார்.

அதன்பின் பல மாதங்கள், யாராவது கதவைத் தட்டினாலே தபால்காரரோ என்று எழுந்து ஓடுவேன். கடைசியில் உரிமை கிடைத்தது. கேலி செய்த மனைவிதான் உறையைப் பிரித்துப் படித்துவிட்டு ஓவென்று அழுதாள்.

இன்றும் யாராவது ஒன்றைச் செய்து காட்டினால் ‘அட, இவ்வளவுதானா’ என்று வாய்வரை வருகிறது. இவ்வளவுதான் என்றால் நான் ஏன் செய்யவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டு, பேசாமல் இருந்துவிடுகிறேன்.